ஓய்வுநாள் வாசகத்தின் ஆசிரியர் ராஷி

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கப்படும்போது நம்மில் எத்தனை பேர் செவிசாய்க்கிறோம்? நற்செய்திக்கு எழுந்து நிற்கிறோம். மறையுரையும் பெரும்பாலும் நற்செய்தியைச் சுற்றியே அமைகிறது. தொடக்கநூலிலிருந்தோ விடுதலைப் பயணத்திலிருந்தோ வரும் முதல் வாசகமோ, தாமதமாக வந்தவர்கள் இடம் தேடி அமர்கிற நேரமாகப் பல பங்குகளில் கழிந்துவிடுகிறது. அதே பகுதிகளைத் தங்கள் வாரத்தின் மையமாக வைத்து வாழ்கிற மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் 900 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ரபி ஷ்லோமோ இட்ஸ்ஹாக்கி, அதாவது ஈசாக்கின் மகன் ரபி சாலமோன். பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ராஷி என்று யூதர்கள் அன்போடு அழைக்கிறார்கள்.

அவரைப் பற்றிச் சிந்திக்கும் முன் யூதர்களின் வாசக முறையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. மோசேயின் ஐந்து நூல்களை அவர்கள் தோரா என்கிறார்கள். அந்த ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஓய்வுநாள் காலையிலும் தொழுகைக்கூடத்தில் தோல்சுருளைத் திறந்து, அந்த வாரத்துக்குரிய பகுதியை முழுவதுமாக வாசிக்கிறார்கள். ஓய்வுநாள்கள் போதாத ஆண்டுகளில் சில வாரங்களில் இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசிப்பார்கள். திங்கள், வியாழன் காலைகளிலும் வரப்போகும் பகுதியின் தொடக்கம் வாசிக்கப்படும். கூடாரப் பெருவிழா முடிந்ததும் தோராவின் மகிழ்ச்சி என்று ஒரு விழா வரும். அன்று இணைச்சட்ட நூலின் கடைசி அதிகாரத்தில் மோசேயின் இறப்பை வாசித்து முடிப்பார்கள். முடித்த உடனே, அதே வழிபாட்டில், உலகப் படைப்பிலிருந்து மறுபடியும் தொடங்குவார்கள். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

இது நமக்கு அந்நியமான வழக்கம் அல்ல. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து நின்று இறைவாக்கினர் எசாயாவின் சுருளை வாசித்ததை லூக்கா நமக்குச் சொல்கிறார். பிசிதியாவிலுள்ள அந்தியோக்கியாவில் திருச்சட்டமும் இறைவாக்கும் வாசித்து முடிந்த பிறகுதான் தூய பவுலைப் பேச அழைத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. நம் திருப்பலியில் வாசகங்கள் அமைந்திருக்கும் முறையே அந்தக் கூடங்களில் வேர்விட்டதுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969-இல் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக ஒழுங்குபடுத்தப்பட்டபோது, பழைய ஏற்பாட்டு வாசகம் பெரும்பாலான ஞாயிறுகளில் நமக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆனால் ஆண்டுதோறும் அதே பகுதி வருகிறது என்றால் ஒரு கேள்வி எழாமல் போகாது. கன்றுகுட்டிச் சிலை, ஆசாரியரின் உடைகள், தோல்நோய்க்கான விதிகள் என்று 40 ஆண்டுகள் கேட்ட ஒருவர், 41-ஆம் ஆண்டு அதில் புதிதாக எதைக் கேட்பார்? சந்தையில் வாங்கி விற்றுப் பிழைக்கிற மனிதருக்கு லேவியர் நூலில் என்ன இருக்கிறது? ராஷி தம் வாழ்நாள் முழுவதும் பதில் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் 1040-இல் வடக்கு பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலுள்ள துருவா நகரில் பிறந்தார். பல நாட்டு வணிகர்கள் வந்து கூடும் பெரிய சந்தைகளுக்குப் பெயர்பெற்ற நகரம் அது. யூதக் குடும்பங்கள் அங்கே கிறிஸ்தவ அயலாரோடு ஒரே தெருக்களில் வாழ்ந்தன, ஒரே மொழியைப் பேசின. இளைஞராக இருக்கும்போதே ராஷி ரைன் நதிக்கரைக்குச் சென்று, மைன்சு, வோர்ம்ஸ் நகரங்களில் இருந்த புகழ்பெற்ற கல்விக்கூடங்களில் படித்தார். யாக்கோபு பென் யாக்கார் என்ற முதியவரைத் தம் முதன்மை ஆசிரியராக மதித்தார். ஏறக்குறைய 1070-இல் ஊருக்குத் திரும்பி அங்கேயே ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அவர் திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைத்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்றைய வரலாற்று ஆய்வாளர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. கற்பிப்பதற்குக் கூலி வாங்கும் வழக்கம் அன்று இல்லாததால் வேறு ஏதோ ஒரு தொழில் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. அவருக்கு மகன்கள் இல்லை. மகள்களை அறிஞர்களுக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவர்கள் வழி வந்த பேரன்கள் அடுத்த தலைமுறையின் பெரும் ஆசிரியர்களானார்கள்.

தல்மூது என்னும் மாபெரும் சட்டத் தொகுப்புக்கு அவர் எழுதிய உரை இல்லாமல் இன்றும் எவரும் அதைப் படிக்கத் தொடங்குவதில்லை. அது அறிஞர்களுக்கானது. எளிய மக்களின் வீட்டுக்குள் அவரைக் கொண்டுசென்றது தோராவுக்கு அவர் எழுதிய உரைதான்.

அந்த உரை எப்படிப்பட்டது? நீண்ட கட்டுரைகள் அல்ல. பெரும்பாலும் ஒரு வரி, இரண்டு வரி. வாசகத்தில் ஒரு சொல் இடறும் இடத்தில் மட்டும் அவர் நின்று பேசுவார். இந்தச் சொல் ஏன் இரண்டு முறை வருகிறது? பன்மை வரவேண்டிய இடத்தில் ஏன் ஒருமை? முன்பே சொன்னதை ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? கேள்வியை வெளிப்படையாக எழுதவும் மாட்டார். பதிலை மட்டும் தருவார்; கேள்வியைப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். இதனால்தான் யூத வீடுகளில் பிள்ளைகளிடம் ராஷி என்ன சொன்னார் என்று மட்டும் கேட்பதில்லை. அவருக்கு எது உறுத்தியது என்றும் கேட்பார்கள். கடினமான எபிரேயச் சொல் வந்தால், அன்று தெருவில் பேசிய பிரெஞ்சு மொழியில் அதற்கு என்ன பெயர் என்று எபிரேய எழுத்திலேயே எழுதிவைப்பார். இப்படி அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான சொற்கள், பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்வோருக்கு இன்று ஒரு கருவூலம். இறைவார்த்தையை விளக்கச் சந்தை மொழியைப் பயன்படுத்த அவர் கூச்சப்படவில்லை.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். ஏசா 400 பேரோடு வருகிறான் என்று கேட்டதும் யாக்கோபு அஞ்சினார், மனம் கலங்கினார் என்று தொடக்கநூல் 32-ஆம் அதிகாரம் கூறுகிறது. அச்சமும் கலக்கமும் ஒன்றுதானே, ஏன் இரண்டு சொற்கள்? முன்னோரின் விளக்கத்தை எடுத்து ராஷி பதில் தருகிறார்: தான் கொல்லப்படுவேனோ என்பது அச்சம்; தான் பிறரைக் கொல்ல நேருமோ என்பது கலக்கம். இரண்டு சொற்களுக்குள் ஒரு மனிதரின் மனச்சான்று முழுவதும் திறந்துவிடுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உள்ளவனுக்கும், எதிரியின் இரத்தத்தைச் சிந்துவது துயரமாக இருக்க வேண்டும்.

விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரத்தின் இறுதியில், பலிபீடத்துக்குப் படிக்கட்டு வைத்து ஏறக்கூடாது, உடல் தெரிந்துவிடலாம் என்று ஒரு சட்டம் வருகிறது. பீடம், படிக்கட்டு, உடை என்று நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு விதி போலத் தோன்றும். ராஷி இங்கே கற்களைப் பார்க்கச் சொல்கிறார். கற்களுக்கு அறிவு இல்லை. தங்களை அவமதிப்பது அவற்றுக்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் அவை நமக்குப் பயன்படுவதால் அவற்றை மதிப்பின்றி நடத்தக்கூடாது என்கிறது தோரா. அப்படியானால் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டு, அவமானத்தை உணரவும் கூடிய அயலாரை எவ்வளவு கவனமாக நடத்த வேண்டும்! வீட்டில் வேலைசெய்பவரிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டு ஓய்வுநாள் வழிபாட்டுக்கு வந்திருந்த ஒருவருக்கு, அந்தக் கல் பீடம் அன்று வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

மம்ரே மரங்களருகே ஆண்டவர் ஆபிரகாமுக்குத் தோன்றிய காட்சியில் (தொடக்கநூல் 18), கடவுள் எதற்காக வந்தார் என்று நூல் உடனே சொல்லவில்லை. முந்தைய அதிகாரத்தில் ஆபிரகாம் முதிர்ந்த வயதில் விருத்தசேதனம் செய்துகொண்டார் என்பதை ராஷி நினைவுபடுத்துகிறார். அது மூன்றாம் நாள், அவர் வலியோடு இருக்கிறார், ஆகவே ஆண்டவர் நோயாளியை நலம் விசாரிக்க வந்திருக்கிறார். நம் அன்பியங்களில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்பவர்கள், தாங்கள் யாருடைய வேலையைச் செய்கிறோம் என்று அறிய இந்த ஒரு வரியே போதும்.

இந்த விளக்கங்களெல்லாம் ராஷியின் சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. மித்ராஷ் எனப்படும் பழைய விளக்கத் தொகுப்புகளில் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து அவர் தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றையும் அள்ளவும் இல்லை. ஆதாமும் ஏவாளும் ஆண்டவரின் ஓசை கேட்டு ஒளிந்துகொண்ட இடத்துக்கு எழுதும்போது தம் நோக்கத்தை அவரே தெளிவுபடுத்துகிறார்: நூலின் நேர்ப்பொருளையும், நூலின் சொற்களோடு பொருந்தி அமர்கிற மரபு விளக்கங்களையும் மட்டுமே தருவதற்காகத் தாம் வந்திருப்பதாகக் கூறுகிறார். நேர்ப்பொருளை முற்றிலும் விட்டுவிட்டு எங்கோ பறக்கும் மறையுரைகளைக் கேட்டு அலுத்தவர்கள் இதை வரவேற்பார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருந்தது. யாக்கோபை லாபானிடம் அனுப்பும் இடத்தில், ரெபேக்கா யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்று நூல் சொல்கிறது. இது நமக்கு முன்பே தெரிந்த செய்தி. எதற்காக இங்கே மறுபடி வருகிறது? இது என்ன கற்பிக்கிறது என்று தமக்குத் தெரியவில்லை என ராஷி எழுதுகிறார். பேசாமல் கடந்து போயிருக்கலாமே! கேள்வி இருக்கிறது என்பதையாவது மாணவர்கள் அறியட்டும் என்று எண்ணியிருப்பார் போலும். அவருடைய பேரன் சாமுவேல் பென் மெயிர் தாத்தாவோடு வாதாடுவது வழக்கம். அவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்: நேரம் இருந்தால், நாள்தோறும் புதிதாகத் தோன்றும் நேர்ப்பொருள்களுக்கு ஏற்ப வேறு உரைகளை எழுத வேண்டியிருக்கும் என்று தாத்தா தம்மிடம் ஒத்துக்கொண்டாராம். புகழின் உச்சியில் இருந்த முதியவர் தம் பேரனிடம் இதைச் சொன்னார்.

41-ஆம் ஆண்டு வாசகத்தில் என்ன புதிது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் இணைச்சட்டம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்று நான் உங்களுக்குக் கட்டளையிடுகிறேன் என்ற பொருளில் மோசே பேசும் இடம் அது. இன்று என்ற சொல் ஏன்? அரசனின் பழைய ஆணையை எவரும் பொருட்படுத்துவதில்லை. புதிய ஆணை வந்தால் அதைக் கேட்க எல்லாரும் ஓடுகிறார்கள். இந்த வார்த்தைகள் உங்களுக்குப் பழைய ஆணையாக இருக்கக்கூடாது என்பதே அந்தச் சொல்லின் பொருள் என்கிறார் ராஷி.

அவருடைய 56-ஆம் வயதில் பேரிடி விழுந்தது. அதைச் செய்தவர்கள் சிலுவை அடையாளம் தரித்த நம்மவர்கள். 1095-இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். யூதர்களைத் தாக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆனாலும் 1096 வசந்த காலத்தில், எருசலேமை நோக்கிப் புறப்பட்ட கும்பல்களில் சில, கிறிஸ்துவின் எதிரிகளைத் தேடி இத்தனை தொலைவு போவானேன், இங்கேயே யூதர்கள் இருக்கிறார்களே என்று ரைன் நகரங்களின் மேல் பாய்ந்தன. ஸ்பெயர் நகர ஆயர் யோவான் உறுதியாக நின்றதால் அங்குள்ள யூதர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். வோர்ம்ஸ் நகரில் ஆயர் இல்லத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களும் காப்பாற்றப்படவில்லை. மைன்சு பேராயர் ருத்தார்டு முதலில் பாதுகாப்பு அளித்தார், பின்னர் தாமே தப்பி ஓடினார். இந்த இரு நகரங்களிலும் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். திருமுழுக்குப் பெறு, இல்லையேல் சாவு என்ற நிலையில் பலர் சாவைத் தேர்ந்துகொண்டார்கள். கும்பலின் கையில் விழாதபடி தங்கள் பிள்ளைகளைத் தாங்களே கொன்ற பெற்றோரும் இருந்தார்கள். ராஷி இளைஞராக அமர்ந்து படித்த கூடங்கள் அந்த இரு நகரங்களில்தான் இருந்தன.

துருவா தாக்கப்படவில்லை. ஆனால் வாள்முனையில் திருமுழுக்குப் பெற்று, ஆபத்து நீங்கியபின் தங்கள் மக்களிடம் திரும்பி வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விகள் ராஷியிடம் வந்தன. பேரரசர் நான்காம் ஹென்றி 1097-இல் அவர்கள் தங்கள் மறைக்குத் திரும்ப அனுமதி அளித்திருந்தார். சமூகத்தில் சிலருக்கு அவர்கள் மேல் வெறுப்பு. உயிரைக் கொடுத்தவர்கள் இருக்க, இவர்கள் உயிரைக் காத்துக்கொண்டார்களே! ராஷியின் பதில்கள் இன்றும் உள்ளன. அவர்களை ஒதுக்கி அவமானப்படுத்தக்கூடாது என்கிறார். வாளுக்கு அஞ்சிச் செய்தவர்கள் முடிந்தவுடன் திரும்பிவிட்டார்கள் என்கிறார். கல் பீடத்தின் மானத்தைப் பற்றி எழுதிய கைதான் இதையும் எழுதியது. வாசகத்தில் கண்டதை வாழ்வில் நிறைவேற்றுவது என்றால் இதுதான் போலும்.

ராஷி எல்லா இடங்களிலும் நம்மோடு உடன்படுகிறார் என்று எவரும் எண்ண வேண்டாம். எசாயா 53-ஆம் அதிகாரத்தின் துன்புறும் ஊழியரை நாம் புனித வெள்ளியன்று கிறிஸ்துவாகக் காண்கிறோம். அவரோ இஸ்ரயேல் மக்களாகக் காண்கிறார். அந்த நூற்றாண்டில் அந்த மக்கள் அனுபவித்ததை அறிந்தவர்களுக்கு, அவர் அப்படிப் படித்தது வியப்பாக இராது.

ஆனால் நம் திருச்சபைக்கு அவர் செய்த ஒரு கொடையை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. நார்மண்டியில் பிறந்த லீரா நிக்கொலாஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி எபிரேயம் அறிந்தவர், 1349-இல் இறந்தவர். திருவிவிலியம் முழுமைக்கும் அவர் எழுதிய நேர்ப்பொருள் உரையில் ராஷியை ரபி சாலமோன் என்று பெயர் சொல்லி மீண்டும் மீண்டும் எடுத்தாள்கிறார். அந்த உரை 1471-72-இல் உரோமையில் அச்சேறியது. பல நூற்றாண்டுகளாக நம் குருக்கள் பழைய ஏற்பாட்டுக்கு மறையுரை தயாரித்தபோது, துருவாவின் யூத ஆசிரியர் பெயர் தெரியாத விருந்தினராக அந்த மேசையில் அமர்ந்திருந்தார். இதே காலகட்டத்தின் மறுபக்கமும் உண்டு. 1242-இல் பாரிசில், நாம் புனிதர் என்று வணங்கும் அரசர் லூயியின் ஆட்சியில், தல்மூது ஏடுகள் 24 வண்டிகளில் கொண்டுவந்து எரிக்கப்பட்டன. 1306-இல் பிரான்சிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ராஷியின் ஊரிலும் அவருடைய உரையைப் படிக்க யூதர் இல்லாமல் போனார்கள்.

உரை மட்டும் அவர்களோடு பயணம் செய்தது. எபிரேய மொழியில் ஆண்டு குறித்து அச்சான முதல் நூல், 1475-இல் தென் இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரில் வெளிவந்தது. அது திருநூல்கூட அல்ல; தோராவுக்கு ராஷி எழுதிய உரை. யூதர் ஒவ்வொருவரும் அந்தந்த வாரப் பகுதியை இரண்டு முறை எபிரேயத்திலும், ஒரு முறை அரமேய மொழிபெயர்ப்பிலும் வீட்டில் படிக்க வேண்டும் என்பது பழைய விதி. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்ட நூல், அரமேயத்துக்குப் பதிலாக ராஷியின் உரையைப் படிக்கலாம் என்று அனுமதித்தது. இறையச்சம் உள்ளவர் இரண்டையும் படிப்பார் என்றும் சேர்த்துக்கொண்டது. இப்படி ஒரு தனி மனிதரின் சிறு குறிப்புகள் ஒரு மக்களின் வாரக் கடமைக்குள் இடம்பெற்றன.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களோடு நமக்குள்ள உறவைப் பற்றிப் புதிய தெளிவைத் தந்தது. 2000 மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எருசலேமின் மேற்கு மதிலருகே நின்று, மன்னிப்பு வேண்டும் செபத்தை அதன் கல் இடுக்கில் வைத்தார். அடுத்த ஆண்டில் திருத்தந்தை விவிலியப் பணிக்குழு, யூதர்கள் தங்கள் திருநூலைப் படிக்கும் முறை ஏற்புடைய ஒன்றே என்றும், அவர்களுடைய நெடுங்கால விளக்க மரபிலிருந்து கிறிஸ்தவர்கள் நிறையக் கற்கலாம் என்றும் எழுதியது. அந்த மரபின் வாசலில் முதலில் எதிர்ப்படுகிறவர் ராஷிதான். சனிக்கிழமை மாலை ஞாயிறு வாசகத்தை ஒரு முறை படித்து, இதில் எந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது என்று கேட்டுப் பார்ப்பதற்கு எபிரேயம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ராஷி 1105-இல் துருவாவில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது என்று எவராலும் இன்று உறுதியாகக் காட்ட முடியாது. இறுதிவரை எழுதிக்கொண்டே இருந்தார் என்பதற்கு மட்டும் சான்று உள்ளது. தல்மூதின் மாக்கோத் என்ற பகுதிக்கு அவர் எழுதிய உரை 19-ஆம் ஏட்டில், ஒரு விளக்கத்தின் நடுவே நின்றுவிடுகிறது. தூய்மை என்ற சொல்லுக்கு அருகில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் படியெடுத்தவர் ஒரு குறிப்பை விட்டுச்சென்றிருக்கிறார்: நம் ஆசிரியரின் உடல் தூயது, அவருடைய ஆன்மாவும் தூய்மையாகப் பிரிந்தது, இதற்கு மேல் அவர் விளக்கவில்லை, இனி வருவது அவருடைய மாணவர் எழுதியது என்பது அதன் கருத்து. அந்த மாணவர் யூதா பென் நாத்தான், ராஷியின் மகள் மிரியாமின் கணவர். மாமனார் விட்ட வரியிலிருந்து அவர் தொடர்ந்து எழுதுகிறார்.